ஒரே கடை, இரண்டு பயணங்கள்: மட்டக்களப்பில் கடலுணவு நூடில்ஸ் சாப்பிட்ட அனுபவம்

பதுளைக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்குக் கடல் மீன் ஐஸ் பெட்டியில் லொறி ஏறித்தான் வரும். கடலை விட்டுப் புறப்பட்டு எத்தனையாவது நாளில் அது எங்கள் சந்தைக்கு வந்து சேர்ந்தது என்பதை விற்பவரும் சொல்வதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. கருவாடு, நெத்தலி, டின் மீன் ஆகிய மூன்றையும் நம்பியே எங்கள் வீட்டுச் சமையல் பெரும்பாலான நாட்களில் நடக்கிறது. அதனால், பதுளை – செங்கலடி வீதி வழியாகப் பிபிலையையும் மகாஓயாவையும் கடந்து பஸ்ஸில் மட்டக்களப்புக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும், கோயில், உறவினர் வீடு, கடற்கரை ஆகிய எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கடலுணவைப் பற்றிய பேச்சே எங்களிடையே எழும். ஆனால் நல்ல கடலுணவு கிடைக்கும் ஊருக்குப் போவதும், அங்கே அதை நல்ல முறையில் சாப்பிடுவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை ஒரே கடையில் இரண்டு முறை சாப்பிட்ட பிறகுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

முதல் பயணம் டிசம்பர் விடுமுறையில் அமைந்தது. என் கணவர், அம்மா, ஒன்பது வயது மகன், நான் என நால்வரும் கல்லடியில் திருமணம் செய்து குடியேறியிருக்கும் என் சித்தி மகளின் வீட்டில் தங்கினோம். வாவிக்கு அருகே கடலுணவு நூடில்ஸுக்குப் பெயர்பெற்ற ஒரு கடையைப் பற்றி எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் பலர் சொல்லியிருந்தார்கள். தங்கை மட்டும், "இராவில போகாதீங்க அக்கா, பகல்ல போங்க" என்று ஒரு முறை சொன்னாள். காரணத்தைக் கேட்காமல், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

விடுமுறைக்கு வந்தவர்களால் கடை நிரம்பியிருந்தது. வாசலிலும் பலர் நின்றுகொண்டிருந்தார்கள். மேசை கிடைக்க அரை மணி நேரமும், சாப்பாடு வர அதற்கு மேலும் ஆயிற்று. பெரியவர்கள் மூவருக்கும் இறால், கணவாய், நண்டு மூன்றும் கலந்த நூடில்ஸில் மூன்று பெரிய பிளேட்டுகளையும், இறால் வாடையை விரும்பாத மகனுக்கு முட்டை நூடில்ஸ் ஒன்றையும் கேட்டிருந்தோம். வந்த நூடில்ஸ் ஒன்றோடொன்று ஒட்டி, அடியில் தண்ணீர் விட்டுக் கிடந்தது. கணவாய்த் துண்டுகளை அம்மாவால் மெல்லவே முடியவில்லை. ஓட்டோடு வெட்டிப் போட்டிருந்த நண்டின் சதையைப் பிரித்தெடுப்பதற்குள் மற்றவை ஆறிவிட்டன. அத்தனை பாடுபட்டும் கால்களுக்குள் நீர்தான் இருந்தது. மூன்று பிளேட்டுகளில் ஒன்றரைக்கு மேல் எங்களால் முடிக்க இயலவில்லை. விலைப்பட்டியலில் நண்டுக்கு நேராக விலை எழுதப்படாமல் இருந்ததை நாங்கள் கவனித்திருந்தும் கேட்கவில்லை. பில் வந்தபோது, நண்டு எடைக் கணக்கிலும் அதற்கு மேல் சேவைக் கட்டணமாகப் பத்து சதவீதமும் சேர்ந்து, நாங்கள் ஒதுக்கியிருந்த தொகையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது.

இவையெல்லாம் பிறகு சிறிய விடயங்களாகிவிட்டன. கடையை விட்டு வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருந்தபோது மகன் உதடு அரிக்கிறது என்றான். வீட்டை அடைவதற்குள் கழுத்திலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழுந்து, கண் இமைகள் வீங்கத் தொடங்கின. அவன் ஓர் இறாலைக் கூடச் சாப்பிடவில்லை என்பதால், எனக்கு முதலில் முட்டையின் மீதும் பிறகு சோயா சோஸின் மீதும்தான் சந்தேகம் வந்தது. தங்கையின் கணவர் நேரத்தைக் கடத்தாமல் எங்களைப் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றார். மருந்து கொடுத்து, மூச்சு விடுவதில் சிரமம் உண்டா என்று இரவு முழுவதும் பார்த்துக்கொண்டார்கள். விடியும்போது தடிப்புகள் அடங்கிவிட்டன.

அங்கிருந்த பெண் வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, முட்டை நூடில்ஸ் எந்தப் பாத்திரத்தில் செய்யப்பட்டது என்பதுதான். இறால் வதக்கிய தாச்சியிலேயே அடுத்த பிளேட்டையும் போட்டிருந்தால், கண்ணுக்குத் தெரியாத அளவு இறாலே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குப் போதுமானது என்று அவர் விளக்கினார். இறால், நண்டு, சிங்க இறால் ஆகியவற்றின் தசையில் ட்ரோப்போமயோசின் என்ற புரதம் இருக்கிறது; பெரும்பாலானவர்களுக்கு ஒவ்வாமையைத் தூண்டுவது அதுவே; எவ்வளவு வேகவைத்தாலும் அது எளிதில் அழிவதில்லை. அதை ஒத்த புரதம் கணவாயிலும் மட்டியிலும் இருப்பதால், ஒன்று ஒத்துக்கொள்ளாதவர் மற்றவற்றிலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மீன் ஒவ்வாமை இதிலிருந்து வேறானது என்பதால், இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை மீனைத் தாராளமாகச் சாப்பிடக்கூடும், ஆயினும் அதைச் சோதித்து அறிந்த பிறகே கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சூரை மீன் ஏதும் சாப்பிட்டானா என்றும் அவர் விசாரித்தார். சரியாகக் குளிரூட்டி வைக்கப்படாத சூரை போன்ற மீன்களில் ஹிஸ்டமின் பெருகிவிடும் என்பதும், சமைத்தாலும் போகாத அந்தப் பொருள் ஒவ்வாமையைப் போலவே முகச் சிவப்பையும் அரிப்பையும் உண்டாக்கும் என்பதும் எனக்குப் புதிய செய்திகள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு செய்த பரிசோதனையில் மகனுக்கு இறால் வகை ஒவ்வாமை உறுதியாயிற்று. அந்தக் கடைக்காரரிடம் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளை இதுவரை இறால் சாப்பிட்டதில்லை, அவனுக்குத் தனியாகச் செய்து தாருங்கள் என்று நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பிள்ளைகளோடு பயணம் செய்யும் மலையகப் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: நம் பிள்ளைகளில் பலர் இறாலையும் நண்டையும் முதன்முதலில் ருசிப்பது இப்படிப்பட்ட சுற்றுலாவில்தான். வெளியூரில், இரவில், நிறையச் சாப்பிடும் விருந்தில் அதைத் தொடங்காமல், வைத்தியசாலை அருகில் இருக்கும் இடத்தில் பகல் வேளையில் சிறிதளவு கொடுத்துப் பார்ப்பது நல்லது. உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, பிள்ளை சோர்ந்து விழுந்தாலோ 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்பியூலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இரண்டாவது பயணம் அடுத்த ஆண்டு ஆடி அமாவாசைக்கு அமைந்தது. அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் தீர்த்தத்தில் நீராட வேண்டும் என்று அம்மா நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தீர்த்தத்தன்று எல்லோரும் மரக்கறிதான். மறுநாள் காலை, மகனைத் தங்கையின் வீட்டில் அவள் பிள்ளைகளோடு விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் பதினொரு மணிக்கு அதே கடைக்குப் போனோம். என் கணவருக்கு விருப்பமில்லை. ஆனால் இத்தனை பேர் புகழும் ஒரு கடையைப் பற்றி ஒரு சனிக்கிழமை இரவை வைத்துக்கொண்டு முடிவு கட்டுவது சரியாகாது என்று எனக்குத் தோன்றியது. தங்கை சொன்ன "பகல்ல போங்க" என்பதன் காரணத்தையும் அறிய விரும்பினேன்.

அந்த நேரத்தில் கடையில் எங்களைத் தவிர இரண்டு மேசைகளில் மட்டுமே ஆட்கள் இருந்தார்கள். சமையலறை திறந்த அமைப்பில் இருந்ததால் தாச்சியடியில் நிற்பவரோடு பேச முடிந்தது. வளைகுடா நாடொன்றின் ஹோட்டலில் பல ஆண்டுகள் வேலை செய்து ஊர் திரும்பியவர் அவர். டிசம்பரில் நடந்ததை நான் மறைக்காமல் சொன்னேன். அவர் தாச்சியை இறக்கி வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேற தாச்சியில செஞ்சு தந்திருப்பன் டீச்சர். மகன் இப்ப சுகமா?" என்று விசாரித்த பிறகுதான் மற்றப் பேச்சுக்கு வந்தார். அன்று அவர் சொன்னவையே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

டிசம்பரில் கிடைத்த கணவாயும் இறாலும் ஐஸ் பெட்டியில் பல நாள் இருந்தவை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிப்பதால் சிறிய படகுகள் பெரும்பாலும் கரையிலேயே கிடக்கும். சித்திரை முதல் புரட்டாதி வரையான மாதங்களில்தான் இந்தப் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். மலையகத்திலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெருங்கூட்டம் வருவதோ டிசம்பர் விடுமுறையில். "மாரியில கடல் மூடினா நாங்க என்ன செய்யிற? வந்தவங்களுக்குக் குடுக்கத்தானே வேணும்" என்றார். மழைக்காலத்தில் வந்தால் என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன். இன்று கரைக்கு வந்த மீன் எது என்று கேளுங்கள், எதுவும் வரவில்லை என்றால் கோழி நூடில்ஸ் சாப்பிடுங்கள் என்றார். கடலுணவுக் கடைக்காரர் ஒருவரே இப்படிச் சொன்னது எனக்கு அவர்மேல் பெரும் மதிப்பை உண்டாக்கியது.

இறாலைப் பற்றி அவர் சொன்னது வாவியைப் பற்றியதாகவே விரிந்தது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவி, பாலமீன்மடு முகத்துவாரத்திலும் தெற்கே கல்லாற்றிலும் கடலோடு சேர்கிறது. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் முகத்துவாரத்தின் வழியே வாவிக்குள் வந்து வளர்ந்து, பெரியவையானதும் மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. மணல் மேவி முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் அந்தப் போக்குவரத்து தடைப்படும். இருட்டு நாட்களில் இறால் அதிகம் நடமாடும் என்பதால் அமாவாசையை ஒட்டிய இரவுகளில் வாவித் தொழிலாளருக்கு நல்ல பாடு கிடைக்கும் என்றும், நாங்கள் வந்தது அமாவாசைக்கு மறுநாள் என்பதால் விடியற்காலையில் பிடிபட்ட இறால் இருக்கிறது என்றும் சொல்லி, ஒரு கூடையைத் தூக்கிக் காட்டினார். அம்மாவின் தீர்த்தத்துக்காக நாங்கள் தேர்ந்த நாள் இறாலுக்கும் உகந்த நாளாக அமைந்திருந்தது.

அந்தக் கூடையை வைத்தே அவர் பார்த்து வாங்கும் முறையையும் சொல்லித்தந்தார். இறாலின் தலை உடலோடு இறுகப் பிடித்திருக்க வேண்டும். தூக்கினால் தலை தொங்குவதும், தலைப்பகுதி கறுத்திருப்பதும், மூக்கைக் குத்தும் அமோனியா வாடையும் பழையதற்கு அடையாளங்கள். கணவாயின் தோலில் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். சதை பளிச்சென்ற வெள்ளையை இழந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் விட்டுவிட வேண்டும். நண்டை மல்லாத்தி, கால்கள் புறப்படும் இடத்துக்கு அருகே அடி ஓட்டை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும்; அமுங்கினால் அது அண்மையில் ஓடு கழற்றிய நண்டு, உள்ளே சதைக்குப் பதிலாக நீர்தான் இருக்கும். டிசம்பரில் நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது அப்படிப்பட்ட நண்டைத்தான் என்பது அப்போது விளங்கியது. அடிவயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். முட்டை சுமந்த சினை நண்டை அவர் வாங்குவதே இல்லை. அதை வாங்கினால் அடுத்த மாதம் வாவியில் என்ன இருக்கும் என்று அவர் கேட்டார்.

நண்டை நூடில்ஸில் போடும் வழக்கமே வெளியூர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வந்தது என்றும், வாவி நண்டுக்கு ஏற்றது முருங்கை இலை போட்டு வைக்கும் குழம்புதான் என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். நூடில்ஸ் சூடாக இருக்கும் சில நிமிடங்களில் சாப்பிட வேண்டியது. நண்டோ பொறுமையாக உடைத்து உறிஞ்சிச் சாப்பிட வேண்டியது.

பிறகு அவர் எங்களுக்கு முன்னாலேயே சமைத்தார். நூடில்ஸைக் காலையிலேயே முக்கால் பதத்துக்கு அவித்து, குளிர்ந்த நீரில் அலசி, வடித்து, சிறிது எண்ணெய் பிசறித் தட்டுகளில் பரப்பி வைத்திருந்தார். ஈரம் உலர்ந்த நூடில்ஸ்தான் தாச்சியில் ஒட்டாமல் பொரியும். தாச்சியிலிருந்து மெல்லிய புகை எழும்வரை காய வைத்து, எண்ணெயில் முதலில் இறால் தலைகளைப் போட்டுக் கரண்டியால் நசுக்கினார். எண்ணெய் செம்மஞ்சளாக மாறி, தெரு வரை மணம் பரவியது. தலைகளை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயிலேயே பூண்டும் இடித்த மிளகாயும் போட்டு, இறாலைச் சேர்த்தார். இறால் லேசாக வளைந்தவுடன் வெளியே எடுக்க வேண்டும். முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் இறுகிவிட்டது என்று பொருள். கணவாய் அதைவிடக் குறைந்த நேரம்தான் தாச்சியில் இருந்தது. கணவாயை ஒன்றில் ஒரு நிமிடத்தில் எடுக்க வேண்டும், அல்லது அரை மணி நேரத்துக்கு மேல் குழம்பில் வேகவிட வேண்டும், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அது இறப்பராகிவிடும் என்றார். கடைசியாகக் கோவா, கரட், லீக்ஸ், நூடில்ஸ், சோயா சோஸ், மீண்டும் இறாலும் கணவாயும். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை.

டிசம்பரில் ஏன் அப்படி வந்தது என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு மறக்கவில்லை: "ஒரு தாச்சியில ரெண்டு பிளேட்டுக்கு மேல போட்டா அது பொரியாது டீச்சர், அவியும்." சனிக்கிழமை இரவில் வாசலில் நிற்கும் கூட்டத்துக்காக ஐந்தாறு பிளேட்டுகளை ஒன்றாகப் போடும்போது தாச்சியின் சூடு இறங்கிவிடுகிறது, கோவாவும் லீக்ஸும் விடும் நீர் ஆவியாகிப் போகாமல் அடியில் தேங்குகிறது, அந்த நீரில் கணவாய் நெடுநேரம் கிடக்கிறது. பெயர்பெற்ற கடை என்பதாலேயே அங்கு கூட்டம் வருகிறது, அந்தக் கூட்டமே எதற்காகப் பெயர் வந்ததோ அதைக் கெடுத்தும் விடுகிறது. தங்கை சொன்னதன் காரணம் இதுதான். பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், அல்லது மாலை ஆறரைக்கு முன்னால் போனால் உங்கள் பிளேட் தனியாகப் பொரியும்.

அன்று நாங்கள் மூவருக்கும் ஒரு பெரிய பிளேட்டும் ஒரு சிறிய பிளேட்டும் மட்டும் கேட்டோம், அதுவே போதுமாக இருந்தது. நூடில்ஸ் இழை இழையாக நின்றது. இறாலைக் கடித்தபோது மெல்லிய இனிப்பு இருந்தது. எங்கள் ஊரில் ஐஸ் உருகி வரும் இறாலில் அந்த இனிப்பை நான் ஒருநாளும் அறிந்ததில்லை. அம்மா கணவாயை ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எழுபது வயதைத் தாண்டிய, பற்கள் பலவற்றை இழந்த ஒருவர் சிரமமின்றி மென்று சாப்பிட்டதைவிட அந்தக் கணவாயின் பக்குவத்துக்கு வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை. நண்டுக் குழம்பை, நண்டை எடை போட்டு விலையைச் சொன்ன பிறகே, ஒரு நண்டுக்கு மட்டும் சொன்னோம். பில் டிசம்பரில் கொடுத்ததில் பாதியும் இல்லை.

நாளைப் பற்றியும் சில வார்த்தைகள். மட்டக்களப்பில் இந்துக்கள் நடத்தும் கடைகள் சிலவற்றில் வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டுமே இருக்கும். காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்துக் கடைகள் அன்று ஜும்ஆ தொழுகை நேரத்தில் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் அங்கே சாப்பாட்டுக் கடை தேடுவது பயனில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பசியோடு அலையும் குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். பஸ் பிடிக்க வேண்டியவர்கள் நண்டு கேட்காமல் இருப்பது நல்லது. அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

புறப்படும்போது, மகனுக்குத் தனித் தாச்சியில் கோழி நூடில்ஸ் செய்து பார்சல் தருவதாக அவர் முன்வந்தார். இறால் பொரியும் ஆவியில் கூட அந்தப் புரதம் கலந்திருக்கலாம் என்று வைத்தியர் எச்சரித்திருந்ததைச் சொன்னேன். அவர் உடனே ஒப்புக்கொண்டு, "அப்ப வேணாம் டீச்சர், மனேக்கு நல்ல எருமைத் தயிர் வாங்கிக் குடுங்க" என்று சொல்லி, விற்கும் இடத்தையும் காட்டினார். நாங்கள் மூவரும் கடையின் குழாயடியில் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கைகளைக் கழுவி, வாய் கொப்பளித்து, சட்டித் தயிர் ஒன்றை வாங்கிக்கொண்டு கல்லடிக்குத் திரும்பினோம். நான் சேலையை மாற்றிக்கொண்டு வந்த பிறகே மகனை மடியில் ஏற விட்டேன். அவன் தங்கையின் பிள்ளைகளோடு சுற்றி உட்கார்ந்து, தயிரில் பாணியை ஊற்றிச் சட்டியின் அடி தெரியும்வரை வழித்துச் சாப்பிட்டான்.